பாக்கியம் அக்காவின் பயம்

செவ்வாய்க்கிழமை காலை போர்ட் பிளேர் ஜெட்டியில் லாங் ஐலண்ட் படகுக்கு டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். கவுண்டர் ஜன்னலில் சேறு காய்ந்த ஒரு கை வந்து நின்றது. தலை நிமிராமல் "நாம்?" என்று பெயரைக் கேட்டேன். இந்த ஜன்னலில் எல்லாரிடமும் ஹிந்திதான். "பாக்கியம் தீதி" என்றது குரல். பயணிகள் பட்டியலில் முதல் இரண்டு எழுத்தை எழுதிவிட்டேன். அக்காவுக்கு லாங் ஐலண்டில் என்ன வேலை என்று அப்புறம்தான் தோன்றியது. நிமிர்ந்து பார்த்தால் மார்ட்டின். அக்காவோடு ரோடு வேலை பார்க்கிறவன். "தீதி சலி கயி, பாபு" என்றான். அக்கா போய்விட்டார். நேற்று மத்தியானமே போய்விட்டாராம். அக்கா இருந்த சௌல்தாரியிலிருந்து வந்து சொல்ல இன்று காலை ஜல்லி லாரிதான் கிடைத்ததாம். வரிசையில் பின்னால் நின்றவர், "ஜல்தி கரோ பாய்" என்று அவனை முழங்கையால் தள்ளினார். எழுதிய இரண்டு எழுத்தையும் அடித்துவிட்டு அடுத்தவர் பெயரைக் கேட்டேன். படகு கிளம்பும் வரை நான் அழவில்லை. பெயர்களை எழுதிக்கொண்டே இருந்தேன்.

மார்ட்டின் மேலும் சில விஷயங்கள் சொன்னான். அவற்றைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மற்றதை எழுத முடியாது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அக்காவின் முதுகுதான் தெரிந்திருக்கும். நம் கல்லூரி கால்பந்து டீம் ஆடும் நாட்களில், அதிகாரிகளின் நாற்காலி வரிசைக்கு எதிர்ப்புறம், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் மண்மேட்டின் மேல் ஒரு பெண் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருப்பார். அவர்தான். பந்து நம் பக்கம் வந்தால் திரும்பிக்கொள்வார். "என்னப்பு ஆச்சு, என்னப்பு ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நாங்கள்தான் சொல்ல வேண்டும். பந்து அந்தப் பக்கம் போனதும் திரும்பி நின்று அவர் கத்துவது ஜெட்டி வரைக்கும் கேட்கும். "எனக்குப் பயமா இருக்கு" என்று வெட்கப்படாமல் உரக்கச் சொன்ன ஒரே ரசிகர் இந்த ஊரில் அவர்தான். எங்களுக்கும் பயம் இருந்தது. நாங்கள் அதை விசிலாக அடித்துத் தீர்த்தோம்.

கல்லூரிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர். புருஷன் மரம் வெட்டப் போய்ச் செத்த பிறகு, பதினாலு வருஷமாக ஒரு காண்டிராக்டரிடம் தினக்கூலிக்கு ஜல்லி கொட்டினார். "டிபார்ட்மெண்ட் டீமுக்கெல்லாம் சர்க்கார் இருக்கு. இந்தப் பயலுகளுக்கு யாரு இருக்கா? சோறே ஒழுங்கா கிடையாது. மூணு வருசம் ஆடிட்டுக் கப்பலேறிப் போயிருவானுக" என்றார். அவர் சொன்னது உண்மை. டிபார்ட்மெண்ட் டீமில் ஒருத்தன் பத்து வருஷம் ஆடலாம். நமக்கோ வருஷா வருஷம் டீம் கரைந்துபோகும். படிப்பை முடித்தவன் மெயின்லேண்டுக்குப் போய்விடுவான். மழைக்காலத் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களின் பெயர்ப்பட்டியல் கொடுப்பதற்குள் தீவு தீவாகத் தேடி ஆள் சேர்க்க வேண்டும். ஹாஸ்டலில் ஒரு கட்டிலைத் தவிர அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவுமில்லை.

எந்தப் படகில் எந்தப் பையன் வருகிறான் என்பது டிக்கெட் எழுதுகிற எனக்கு முதலில் தெரியும். நான் அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் சாகுல் பாயிடம் சொல்வேன். ரசிகர்களாகிய எங்களுக்கு அவர்தான் தலைவர். அவர் அக்காவுக்குச் சொல்லியனுப்புவார். மூன்று பேரும் ஜெட்டியில் போய் நிற்போம். இறங்கி வருகிறவர்களின் கெண்டைக்கால் சதையைச் சாகுல் பாய் பார்ப்பார். அக்கா முகத்தைத்தான் பார்ப்பார். "வாந்தி எடுத்தியாப்பா?" என்பது அவருடைய முதல் கேள்வி. இல்லை என்று சொன்ன பையனை நம்ப மாட்டார். "இந்தக் கடல்ல வாந்தி எடுக்காம வந்தேன்னு சொல்றவன், நாளைக்குக் காலு வலிச்சாலும் வலிக்கலைன்னுதான் சொல்லுவான். கூறுகெட்ட பய." நாங்கள் சிரிப்போம். அக்காவின் பேச்சுக்குச் சிரிப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வருஷம் நாங்கள் சேர்த்த பையனை ஜெட்டியிலேயே ஒரு டிபார்ட்மெண்ட் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த டிபார்ட்மெண்ட் என்று எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். மஸ்டர் ரோலில், அதாவது சர்க்கார் கூலிப் பட்டியலில், பெயரைச் சேர்க்கிறோம் என்று சொன்னால் எந்த ஏழைப் பையன் ஏற மாட்டான்? அந்த வேலை அவன் முழங்கால் நன்றாக இருக்கும் வரைக்கும்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு ஒளித்து வைப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. படகிலிருந்து இறங்கியதும் பையனை நேராகச் சௌல்தாரிக்கு, அக்கா வீட்டுக்கு அனுப்புவோம். வீட்டுக்குப் பின்னால் தேங்காய் உலர்த்தும் கொட்டகை ஒன்று இருந்தது. பட்டியலில் நேரில் வந்து கையெழுத்துப் போடும் நாள் வரை அவன் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். ரோட்டுப் பக்கம் வரக் கூடாது. இது உனக்குச் சம்மதமா என்று எந்தப் பையனையும் நாங்கள் கேட்டதில்லை.

மார்ட்டின் அப்படி வந்தவன்தான். லாங் ஐலண்டில் மரம் இழுக்க ராஞ்சியிலிருந்து வந்த குடும்பம். அந்தக் கூட்டத்தில் ஹையர் செகண்டரி வரை படித்த ஒரே பையன். இடது காலால் அவன் அடித்தால் பந்து வளைந்து உள்ளே வரும். செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினான், சனிக்கிழமை கையெழுத்து. புதன்கிழமையே காய்ச்சல் தொடங்கிவிட்டது. சாகுல் பாய் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி அனுப்பினார். ஊர் மாறினால் வரும் காய்ச்சல்தான் என்றார். வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தபோது கொட்டகையில் தேங்காய் எண்ணெய் வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது. பையன் இரண்டு சாக்குக்குள் சுருண்டு கிடந்தான். பல் தந்தியடித்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அவன் பேசியது அக்காவிடம் மட்டும்தான். "டர் லக்தா ஹை, தீதி." பயமாக இருக்கிறது அக்கா. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சாகுல் பாய், பயலுக்குக் கண்ணு சொருகுது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்" என்றார் அக்கா.

"ஒரே ஒரு நாள் அக்கா. நாளைக்குக் காலைல கையெழுத்தப் போட்டதும் நேரா ஆஸ்பத்திரிதான். நானே தூக்கிட்டுப் போறேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

"உங்களுக்கு த்ரோ-இன்னுக்கே பயம் வரும்" என்றேன் நான். சாகுல் பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் பயம்தான். ஆனால் ஆஸ்பத்திரி மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டப்பகலில் பஜார் வழியாகத்தான் போக வேண்டும். டிபார்ட்மெண்ட் ஆட்கள் பார்ப்பார்கள். இடது காலால் வளைத்து அடிக்கிற ஒரு பையன் இன்னொரு பத்து வருஷத்துக்கு நமக்குக் கிடைக்க மாட்டான். என் தலைக்குள் ஓடியது இதுதான். மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து அவன் நெற்றியில் வைத்தார். "இப்ப சிரி, கிளார்க்கே. கைய எடுக்காமச் சிரி, பாப்போம்."

என்னால் முடியவில்லை. உலைப்பானையைத் தொட்டது போல இருந்தது.

அதற்குள் அவர் ரோட்டுக்கு ஓடி, போர்ட் பிளேருக்குப் போகும் ஜல்லி லாரிக்குக் குறுக்கே நின்றுவிட்டார். அக்காவின் மேஸ்திரி உள்ளேயிருந்து கத்தினான். "இன்னிக்குக் கூலி கிடையாது, நாளையிலேர்ந்து வேலையும் கிடையாது" என்றான். "போகட்டும்டா, இறங்கிப் பிடி" என்றார் அக்கா. ஜல்லியின் மேல் சாக்கை விரித்து மார்ட்டினைப் படுக்க வைத்தோம். அக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். லாரி குலுங்கும்போதெல்லாம் அவன் கண் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வருமா என்று பார்த்துக்கொண்டே போனோம். இவ்வளவு நீளமான ரோட்டில் நான் போனதே இல்லை.

பஜாரில் டீக்கடை வாசலில் அந்த டிபார்ட்மெண்ட் டீமின் செக்ரட்டரி நின்றிருந்தார். சாகுல் பாய் சட்டென்று தோளில் கிடந்த துண்டை எடுத்து மார்ட்டின் முகத்தை மூடினார். அக்கா அதைப் பிடுங்கி ரோட்டில் வீசினார். "மூச்சு விட வேணாமா? பொணத்துக்குத்தான்யா மூஞ்சிய மூடுவாங்க!" பஜார் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ரகசியம் அங்கேயே முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மூன்று நாள் எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். சாகுல் பாய் சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "ஒளிச்சு வச்சிருந்தோம் ஐயா. பந்து ஆடுறதுக்கு" என்றார் அக்கா. டாக்டர் ஊசி போடப் போனார். மூளைக்கு ஏறுகிற மலேரியா என்று நர்ஸ் சொன்னார்.

வராந்தாவில் காத்திருந்தபோதுதான் அக்கா தன் புருஷனைப் பற்றிச் சொன்னார். அவர் அழவில்லை. சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த ஜல்லித் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்குக் காலைல அவரு சொன்னாரு தம்பி. இன்னிக்கு வெட்டப் போற மரம் சாஞ்சு நிக்கிது, பயமா இருக்குன்னு. ஆம்பளை பேசுற பேச்சான்னு நான் சிரிச்சுட்டுச் சோத்தைக் கட்டிக் குடுத்தேன். அவரும் சிரிச்சுக்கிட்டேதான் போனாரு." தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "அதுலேர்ந்து யாரு பயமா இருக்குன்னு சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வராது. எனக்கு வந்தா நானே சொல்லிப்புடுவேன்" என்றார். கார்னர் கிக்குக்கு முதுகைத் திருப்புகிற பெண்ணைப் பார்த்து நாங்கள் அத்தனை நாள் எதற்குச் சிரித்தோம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மார்ட்டின் பிழைத்தான். அந்த வருஷம் அவனால் ஓட முடியவில்லை. நம் டீம் கடைசி இடத்தில் வந்தது. அடுத்த வருஷம் அவன் அந்த டிபார்ட்மெண்ட் டீமில் சேர்ந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள் அவர்கள். கொட்டகையில் போட்டுப் பூட்டியவர்கள் நாங்கள். நமக்கு எதிராக அவன் இடது காலால் வளைத்து ஒரு கோல் போட்டான். மண்மேட்டில் அன்று முதுகைத் திருப்பாமல் நின்ற ஒரே ஒரு ஆள் கை தட்டியது. "ஏன் அக்கா, மூளை கெட்டுப்போச்சா?" என்றார் சாகுல் பாய். "நல்ல கோலுய்யா அது. நீரு போடச் சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீரு, போட்டுட்டான்" என்றார் அக்கா. சாகுல் பாய் ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை.

இரண்டு சீசன் கழித்து மார்ட்டினின் முழங்கால் போயிற்று. அடுத்த மாதமே மஸ்டர் ரோலில் பெயர் இல்லை. தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட அதே மேஸ்திரியிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கெஞ்சி, ரோடு வேலையில் சேர்த்துவிட்டது அக்காதான். கல்லூரியில் படிக்க வந்தவன் அவரோடு சேர்ந்து ஜல்லி கொட்டினான். இதில் கல்லூரிக்குப் பங்கில்லை, டிபார்ட்மெண்டுக்குப் பங்கில்லை, ரசிகர்களுக்கும் பங்கில்லை என்று நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டோம். நினைத்துக்கொள்வது சுலபமாகத்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கடைசியாகப் பார்த்தேன். கல்லூரிப் பையன்கள் பயிற்சி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மண்மேட்டில் நின்றுகொண்டு வரப்போகும் சீசனைப் பற்றிப் பேசினோம். நல்ல கோல்கீப்பர் இல்லை. போன வருஷம் ஆடியவன் சென்னைக்குப் போய்விட்டான். லாங் ஐலண்டிலிருந்து வெள்ளிக்கிழமை படகில் ஒருத்தன் வருகிறான், ஆறடி உயரம் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "உசரம் இருக்கட்டும், வாந்தி எடுப்பானா?" என்றார். வழக்கம்போலச் சிரித்தேன். அப்புறம் அவர் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஆட்டத்தின் நடுவே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ரெண்டு நாளா மூச்சு வாங்குது தம்பி. இடது கை மரத்து மரத்துப் போகுது. பயமா இருக்கு" என்றார்.

"உங்களுக்கு எப்பத்தான் அக்கா பயம் இல்ல? கோல்கீப்பர் வரட்டும், எல்லாம் சரியாப் போயிடும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே பார்வை. பிறகு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, லாரி போய்விடும் என்று கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். மார்ட்டினைத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் ஏறியவன் நான்.

இனி மார்ட்டின் சொன்னது. திங்கட்கிழமை வெயில் ஏறும் நேரத்தில் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு மேஸ்திரியிடம், மூச்சு முட்டுகிறது, பயமாக இருக்கிறது என்று சொன்னாராம். "நிழல்ல உக்காரு, நாடகம் போடாதே" என்றானாம் அவன். லாரி கல் ஏற்றப் போயிருந்தது. மார்ட்டின் யாரையும் கேட்காமல் அக்காவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ரோட்டைப் பார்த்து ஓடினானாம். பஸ் வரும் இடத்துக்கு இன்னும் பாதி தூரம் இருந்தபோது தோளில் கனம் கூடியதாம். "மைனே தௌடா, பாபு" என்றான் ஜன்னலுக்கு வெளியே நின்று. ஓடினேன் என்கிறான். பிறகு தமிழில் சொன்னான். அக்காவிடம் கற்றுக்கொண்ட தமிழ். "கால் ஓடல."

சௌல்தாரியில் அடக்கம் செய்தோம். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மார்ட்டின் இறங்கி இறைத்தான். மாலையில் மைதானத்தில் இரண்டு நிமிடம் மௌனம் கேட்டார்கள். அதிகாரி ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து, பாக்கியம் அம்மாள் விளையாட்டுக்குச் செய்த தொண்டைப் பற்றிப் பேசினார். பதினாலு வருஷம் ரோடு போட்ட ஒரு பெண்ணை ஏற்றிப்போக அவள் போட்ட ரோட்டில் ஒரு வண்டி இல்லை என்பதை அவர் பேசவில்லை. நானும் எழுந்து பேசவில்லை. பேசினால் முதல் வரி என்னைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு இப்போது எல்லாமே பயமாக இருக்கிறது. நான் எழுதும் பயணிகள் பட்டியல் பயமாக இருக்கிறது. கடலில் ஏதாவது ஆனால் செத்தவர்களின் பட்டியலும் என் கையெழுத்தில்தான் இருக்கும். சாகுல் பாய் ராத்திரி தூக்கமில்லை என்கிறார். பாதிக் கடையைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படியும் வியாழக்கிழமை என்னிடம் வந்து, "கோல்கீப்பர் பையனை எங்க வைக்கிறது? பெரார்கஞ்சுல ஒரு தோட்டம் இருக்கு, கேட்டு வைக்கவா?" என்றார். பழக்கம் அப்படி. நான் டிக்கெட் கட்டை எண்ண ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை படகு வந்தது. ஜெட்டியில் நானும் சாகுல் பாயும் நின்றோம். மார்ட்டினும் நொண்டிக்கொண்டு வந்து நின்றான். கொஞ்சம் தள்ளி டிபார்ட்மெண்ட் ஜீப். ஆறடிப் பையன் இறங்கினான். தகரப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். முகம் வெளிறி, சட்டையில் கறை. "வாந்தி எடுத்தியா?" என்றேன். வெட்கத்தோடு தலையாட்டினான். சாகுல் பாய் என் தோளைத் தட்டி, வண்டி தயாராக இருக்கிறது என்று கண்ணைக் காட்டினார்.

அக்கா சொல்லிக்கொண்டே இருந்த சொல்லிலிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. இதுவரை நான் யாரையும் கேட்காத கேள்வி. "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

அவன் ஜீப்பைப் பார்த்தான். எங்கள் வண்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா அண்ணா" என்றான்.

நான் சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டேன். பட்டப்பகலில், பஜார் வழியாக, எல்லாரும் பார்க்க, அவன் எங்கே போக வேண்டும் என்கிறானோ அங்கே கொண்டுபோய் விடுவதற்காக அவனோடு நடந்தேன்.